முட்டிக்கு ஒரு பொருத்தனை

சிலிபின், ஈப்போ
18 ஜூன் 1984

அன்புள்ள தங்கை ஐவிக்கு,

மாதாவின் துணை உனக்கு இருக்கட்டும். நானும் உன் அத்தானும் சுகம். அவருக்கு இருமல் நின்றுவிட்டது, சுருட்டுதான் நிற்கவில்லை. நீ நல்லபடியாகத் தோட்டம் போய்ச் சேர்ந்தாயா? பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா?

பஸ் ஏறும்போது ஒரு கேள்வி கேட்டாய். "முட்டி வலின்னு போனா வயித்த இறுக்குன்னு சொல்லுது. அந்தப் பொண்ணுக்கு இடம் தெரியலயாக்கா?" என்று. பக்கத்தில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. ஓய்வு பெற்றும் வாத்தியார் புத்தி போகவில்லை. கேட்ட கேள்வி பதில் இல்லாமல் நின்றால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய், உனக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்த மிஸ் சானிடமே கேட்டுவிட்டு வந்தேன்.

நம் முட்டிச் சில்லு தொடை எலும்பில் உள்ள ஒரு பள்ளத்தில் மேலும் கீழும் ஓடுகிறது. மேசை இழுப்பறை மாதிரி. நேராக இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். கோணலாக இழுத்தால் ஓரத்தில் உரசும், நாளாக ஆகத் தேயும். உன் சில்லின் பின்பக்கம் அப்படித்தான் தேய்ந்து சொரசொரப்பாகிவிட்டதாம். சரி, கோணலாக இழுப்பது யார்? நீ காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரண்டு முனையிலும் ரப்பர் பால் வாளி தூக்குகிறவள். இடுப்பு உறுதியாக இருந்தால் கம்பு ஆடாது. இடுப்பு தளர்ந்தால் வாளி ஆடும், கால் தடுமாறும். நாமோ காலைத் திட்டுவோம். வயிறும் இடுப்பும் தளர்ந்திருந்தால், ஒவ்வொரு எட்டுக்கும் இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறது, தொடை உள்ளே திரும்புகிறது, சில்லு பள்ளத்தின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. அந்தப் பெண்ணுக்கு இடம் நன்றாகவே தெரியும்.

பாயில் மல்லாந்து படு. முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் வை. இடுப்புக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கும். வயிற்றை உள்ளே இழுத்து அந்தச் சந்தை மூடு. கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு விடு. காலையில் நேரம் இல்லையென்றால் சாயங்காலம் செய். செய்தாயா என்று எழுது.

உன் அக்கா,
ரோசரி


கிரெய்க்மோர் தோட்டம், சுங்கை சிப்புட்
5 ஜூலை 1984

அன்புள்ள அக்காவுக்கு,

ஐவி எழுதுவது. அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். இருமல் திரும்பி வராமல் பார்த்துக்கொள். நான் சுகம். முட்டி மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது.

நீ சொன்னபடி பாயைப் போட்டுப் படுத்தேன். லயத்தில் வரிசை வீடுகளுக்கு நடுவில் பலகைச் சுவர்தானே. பக்கத்து வீட்டு முத்தம்மா உப்புக் கேட்டு வந்தவள், நான் கண்ணை மூடிக் காலை மடக்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, ஐவி விழுந்துருச்சு, யாராச்சும் வாங்கலா" என்று லயம் முழுக்கக் கூட்டிவிட்டாள். நான் எழுந்து உட்கார்ந்து, "ஒன்னும் இல்ல, வயித்த இறுக்குறேன்" என்றேன். "வயித்த இறுக்குற அளவுக்கு வீட்டுல சோறு இல்லயா? சொல்லியிருந்தா கொண்டாந்திருப்பேனே" என்கிறாள். அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறேன்.

இன்னொரு விஷயம். மரத்தின் அடிப்பட்டையை வெட்டக் குந்த வேண்டியிருக்கிறது. எழும்போது முட்டியில் மணலை வைத்து அரைக்கிற மாதிரி இருக்கிறது. எங்களை வேலை வாங்குகிற பிச்சைமுத்து மண்டோர் கவனித்துவிட்டார். "ஜனவரியில மலைப்பக்கம் புதுத் துண்டுல பால்வெட்டு தொறக்குறாங்க ஐவி. ஏறி எறங்க முடியும்னா உன் பேர எழுதுறேன். முடியாதுன்னா ஆபீஸ் கிராணிகிட்ட நான் என்னான்னு சொல்றது?" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் செக்ரோல் கணக்குப் புத்தகத்தில் பேர் இருந்தால்தானே லயத்தில் வீடு? பேர் போனால் ஒரு மாதத்தில் சாவியைக் கொடுக்க வேண்டும்.

என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை அக்கா. இன்றைக்கும் மரத்தில் காயம் படாமல் வெட்டுகிறவள் நான்தான். கை நன்றாக இருக்கும்போது வேலையை எப்படி விடுவது?

இப்படிக்கு,
ஐவி


சிலிபின்
12 ஜூலை 1984

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முத்தம்மா கதையைப் படித்து உன் அத்தான் சிரித்த சிரிப்பில் இருமல் திரும்ப வந்துவிட்டது. மற்றபடி வீட்டில் எல்லாரும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

வயிற்றை இறுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறாயா என்று மிஸ் சான் கேட்கச் சொன்னாள். பிடித்துக்கொள்ளக் கூடாதாம். பரீட்சையில் பிள்ளைகள் பேனாவை இறுக்கிப் பிடிக்கும்போது மூச்சையும் சேர்த்துப் பிடிப்பார்கள். எழுத்து கோணிக்கொண்டு போகும். அப்படித்தான் இதுவும். முதலாவது சுலபமாக வந்துவிட்டால் இரண்டாவதைத் தொடங்கு. அதே மாதிரி படுத்து, வயிற்றை இறுக்கி, பின்பக்கத்தைத் தரையிலிருந்து தூக்கு. தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே சரிவாக இருக்க வேண்டும். உன் அத்தான் செய்து காட்டுகிறேன் என்று தூக்கினார், இறக்கத் தெரியவில்லை. நான்தான் கை கொடுத்தேன்.

ஐவி, இன்னொன்றையும் யோசித்துப் பார். எங்கள் வீட்டில் பின் அறை சும்மாதான் கிடக்கிறது. இந்த வயதில் மலை ஏறித்தான் பிழைக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? இங்கே வந்துவிடு. ஆஸ்பத்திரியும் பக்கம், கோயிலும் பக்கம்.

அன்புடன்,
அக்கா


கிரெய்க்மோர் தோட்டம்
10 ஆகஸ்ட் 1984

அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம்தானே?

உன் வீட்டுக்கு நான் விருந்தாளியாக வருவேன். குடியேற வர மாட்டேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத வேண்டாம்.

செப்டம்பர் எட்டாம் தேதி நம் தோட்டத்து மாதா கோயிலில் திருவிழா. ஈப்போவில் பெரிய மெழுகுவர்த்தி கிடைக்குமே. என் இடுப்பு உயரத்துக்கு ஒன்று வாங்கி, பஸ்காரரிடம் கொடுத்து அனுப்பு. முடிந்தால் நீயும் வா.

ஐவி


சிலிபின்
16 ஆகஸ்ட் 1984

அன்புத் தங்கைக்கு,

இறைவன் உன்னைக் காப்பாராக. அத்தானுக்கு மூச்சிரைப்பு கொஞ்சம் இருப்பதால் திருவிழாவுக்கு வர முடியுமா என்று தெரியவில்லை. மெழுகுவர்த்தியைச் செய்தித்தாளில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். வெயில் படாமல் வை.

பின் அறையைப் பற்றி இனி எழுத மாட்டேன். நான் எழுதிய விதம் சரியில்லை.

ஆனால் உன் கடிதத்தில் முட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. பயிற்சி செய்கிறாயா? இடுப்பைத் தூக்க முடிகிறதா? வலி எப்படி இருக்கிறது? இத்தனை பெரிய மெழுகுவர்த்தி என்ன வேண்டுதலுக்கு என்றும் நீ எழுதவில்லை. உன் விருப்பம். முட்டியைப் பற்றியாவது எழுது.

அக்கா


சிலிபின்
24 செப்டம்பர் 1984

அன்பு ஐவிக்கு,

உடம்புக்கு எப்படி இருக்கிறது? திருவிழா முடிந்து இத்தனை நாளாகியும் உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. நாங்கள் நலம். அத்தான் நன்றாக நடமாடுகிறார்.

சனிக்கிழமை பாசாரில் முத்தம்மாவைப் பார்த்தேன். மகள் பிரசவத்துக்காக ஈப்போ வந்திருக்கிறாளாம். மீன்கடை முன்னாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க தங்கச்சி என்னா பக்தி டீச்சர். கோயில் கேட்டுல இருந்து பீடம் வரைக்கும் முட்டி போட்டே போச்சு. கையில அம்மாம் பெரிய மெழுகுவர்த்தி. பாத்தவங்க எல்லாருக்கும் கண்ணு கலங்கிருச்சு. மறுநாள் கால கீழ வைக்க முடியல, பாவம்" என்றாள்.

நான் மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது, இனி நீ மறைக்க வேண்டியதில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். என்ன வேண்டிக்கொண்டாய், இப்போது கால் எப்படி இருக்கிறது, வேலைக்குப் போகிறாயா, மூன்றையும் எழுது. தபால்தலை உள்ளே வைத்திருக்கிறேன்.

உன் அக்கா


கிரெய்க்மோர் தோட்டம்
2 அக்டோபர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் நடமாடுகிறார் என்று படித்துச் சந்தோஷம். என் உடம்பு நலம் என்று எழுதினால் பொய். அதனால்தான் எழுதவே இல்லை.

பயிற்சி செய்தேன். ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தேன். வலி குறையவில்லை. ஜனவரியோ நெருங்குகிறது. உன் பின் அறைக் கடிதம் வந்த அன்று, நம் அக்காவே நம்பிக்கை விட்டுவிட்டாளே என்று நினைத்தேன். அன்றைக்கே மாதாவிடம் போய்ப் பொருத்தனை செய்துவிட்டேன். திருவிழாவுக்கு முட்டியாலேயே நடந்து வருகிறேன், முட்டி சுகமாகும் வரைக்கும் மாதாமாதம் முதல் சனிக்கிழமை அப்படியே வருகிறேன், என் வேலையை என்னிடமே விட்டுவிடு என்று.

அந்தச் சிமெண்ட் தரையில் பாதி வழி போகும்போதே ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது. நிற்கவில்லை. இப்போது முட்டி பணியாரம் மாதிரி வீங்கியிருக்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் லீவு எழுதிக் கொடுத்தார். மண்டோர் என் வீட்டு வாசல் வரை வந்து, முட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை.

முதல் சனிக்கிழமை இந்த வாரம் வருகிறது அக்கா. போனால் கால் போகும். போகாவிட்டால் மாதாவுக்குக் கொடுத்த வார்த்தை போகும். நீ படித்தவள். என்ன செய்வது, சொல்.

ஐவி


சிலிபின்
5 அக்டோபர் 1984

அன்புத் தங்கைக்கு,

இது உன் கையில் சனிக்கிழமைக்கு முன் கிடைக்க வேண்டும் என்பதற்காக பஸ்காரரிடமே கொடுத்து விடுகிறேன். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

முதலில் ஒன்று. பின் அறையைப் பற்றி நான் எழுதியது நம்பிக்கை விட்டு எழுதியது இல்லை. பயந்து எழுதியது. படிக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

உன் கேள்விக்கு என் படிப்பில் பதில் இல்லை. நேராகப் பாதரிடம் போனேன். முழுவதும் கேட்டார். "பல்லு வலிக்கு யாராச்சும் கல்லக் கடிச்சு வேண்டிக்குவாங்களா டீச்சர்?" என்றார். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

"அவ சொன்ன சொல் சின்னதில்ல. அத ஒன்னும் இல்லன்னு தூக்கிப் போட்டுட முடியாது. ஆனா மாத்திக் கொடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. முட்டிக்குப் பதிலா அவளுக்கு வேற எது கஷ்டம்?" என்று கேட்டார்.

தினமும் படுத்துப் பயிற்சி செய்வதுதான் கஷ்டம், பாதியில் விட்டுவிட்டாள் என்றேன்.

"அப்ப அதுதான் பொருத்தனை. முட்டி போட்டு நடக்க வேணாம். முதல் சனிக்கிழமை பெஞ்சில உக்காந்து ஜெபம் சொல்லட்டும். அந்தப் பயிற்சிய தினமும் மாதாவுக்குன்னு செய்யட்டும். விட்டா எனக்குப் பதில் சொல்ல வேணாம், அங்க சொல்லிக்கட்டும்."

வெளியே வரும்போது எனக்கு இன்னொன்று தோன்றியது. மிஸ் சானிடம் ஓடிப்போய்க் கேட்டேன். நல்ல யோசனை என்றாள். வயிற்றை இறுக்கி இடுப்பைத் தூக்கியதும், ஒரு அருள் நிறைந்த மரியே மந்திரத்தை வாய்விட்டு, நிதானமாகச் சொல். 'ஆமென்' வரும்போது இறக்கு. வாய் பேசிக்கொண்டிருந்தால் மூச்சைப் பிடிக்க முடியாது. கணக்கும் பார்க்க வேண்டாம். வீக்கம் வடியும் வரை வயிறு இறுக்குவது மட்டும் போதும், தூக்குவது பிறகு. குந்தவே கூடாது.

சனிக்கிழமை பெஞ்சில் உட்காரு.

அக்கா ரோசரி


கிரெய்க்மோர் தோட்டம்
20 நவம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

கர்த்தர் உங்களுக்கு நல்ல சுகம் கொடுக்கட்டும். இங்கே ஒரே மழை. மரப்பட்டை ஈரமாக இருப்பதால் பாதி நாள் பால்வெட்டு இல்லை. மற்றவர்களுக்குக் கஷ்டம், என் முட்டிக்கு ஓய்வு.

பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் தடவை வெட்கமாக இருந்தது. எல்லாரும் என்னையே பார்ப்பது போல.

தினமும் செய்கிறேன். ஒரு சாயங்காலம் உடம்பெல்லாம் அலுப்பு. இன்றைக்குப் போகட்டும் என்று சாய்ந்திருந்தேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முத்தம்மா, "ஏய் ஐவி, இன்னிக்கு உங்க மாதா பாட்டு இன்னும் கேக்கலயே. படுத்துட்டியா, இல்ல படுத்துத் தூங்கிட்டியா?" என்று குரல் கொடுத்தாள். எழுந்து பாயை விரித்தேன். கேட்டுக் கேட்டு அவளுக்கும் மந்திரம் மனப்பாடம் ஆகிவிட்டது. நான் வேகமாகச் சொன்னால், "மெதுவா சொல்லு, ஏமாத்தாத" என்கிறாள்.

வீக்கம் வடிந்துவிட்டது. இடுப்பைத் தூக்குகிறேன். மேட்டில் ஏறும்போது பழைய வலி இல்லை. இறங்கும்போதுதான் இன்னும் மணல் அரைக்கிறது. மலைத் துண்டில் இறங்காமல் எப்படி? மிஸ் சானிடம் கேட்டு எழுது. முட்டி பழையபடி ஆகிவிடுமா என்றும் கேள். மறைக்காமல் எழுது.

ஐவி


சிலிபின்
3 டிசம்பர் 1984

அன்புத் தங்கைக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள் இப்போதே. அத்தான் உனக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்திருக்கிறார், மலையில் காலைக் குளிருக்கு. நான் கேக் அனுப்புகிறேன். முத்தம்மாவுக்கும் ஒரு பாதி கொடு.

மறைக்காமல் எழுதச் சொன்னாய். தேய்ந்தது தேய்ந்ததுதான். மிஸ் சான் முட்டியைப் புதிதாக்க மாட்டாளாம். இருக்கிறதை நேராக ஓட வைக்கத்தான் முடியுமாம். இழுப்பறைக்குப் புதுப் பலகை கிடைக்காது, நேராக இழுக்கக் கற்றுக்கொள்ளலாம். பிறகு நினைத்தேன், உனக்கு வேண்டியது புது முட்டி இல்லை, மலையிலிருந்து இறங்குகிற முட்டி.

இறங்குவதற்கு இப்படிப் பழகு. உன் வீட்டு வாசலின் கடைசிப் படியில் நின்று, நல்ல காலை மேலே வைத்து, வலிக்கிற காலை முதலில் மெதுவாகக் கீழே வை. மலையில் நேராக இறங்காதே, பக்கவாட்டில் இறங்கு. ஒவ்வொரு எட்டுக்கும் முன்னால் வயிற்றை இறுக்கு. வாளியை நிறைக்காதே. இரண்டு நடை போனால் போகட்டும்.

நீ ஏறுவாய். எனக்குச் சந்தேகம் இல்லை.

உன் அக்கா


கிரெய்க்மோர் தோட்டம்
14 ஜனவரி 1985

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கை கொஞ்சம் நீளம், மடித்துக்கொண்டேன். நீங்கள் இருவரும் சுகம் என்று நம்புகிறேன்.

மலைத் துண்டு திறந்தார்கள். மண்டோர் எனக்கு ஒரு நிரை மரம் கொடுத்து, "இன்னிக்குப் பாப்போம் ஐவி" என்றார். ஏறினேன். வெட்டினேன். புது மரத்தில் வெட்டு நெஞ்சு உயரத்தில்தான், குந்த வேண்டியதில்லை. அதெல்லாம் பிரச்சினை இல்லை. மரத்து மங்குகளில் வடிந்திருந்த பாலை வாளியில் சேர்த்து, கம்பைத் தோளில் வைத்துக் கீழே பார்த்தபோதுதான் தெரிந்தது, சரிவு வாசல்படி மாதிரி இல்லை அக்கா. மழையில் மண் வழுக்குகிறது.

பக்கவாட்டில் இறங்கினேன். பாதி வழியில் முட்டி பிடித்துக்கொண்டது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் முத்தம்மா. "என்னா நின்னுட்ட? ஜெபத்த ஆரம்பி, நானும் வாரேன்லா" என்றாள். வயிற்றை இறுக்கி, வாய்விட்டுச் சொன்னேன். ஒரு வார்த்தைக்கு ஒரு எட்டு. பக்கத்து நிரையில் இருந்தவர்கள், "கோயில் திருவிழாவா, பால்வெட்டா?" என்று கிண்டல் செய்தார்கள். முத்தம்மா, "வாயப் பாரு, உனக்கு முட்டி போகும்போது சொல்லித் தர மாட்டோம்" என்றாள். நடுவில் இரண்டு தடவை நின்றேன். வாளி சிந்தவில்லை.

நான்தான் கடைசி. பால் நிறுக்கும் ஸ்டோரில் எனக்காகத் தராசைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மண்டோர் வாளியைப் பார்த்தார், காலைப் பார்த்தார். எடையைக் குறித்துக்கொண்டார். அன்று ராத்திரி வலி இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் காலையில் எழும்போது வீக்கம் இல்லை.

விடியுமுன் பேர் வாசிக்கிற பெரட்டுக்குப் போய் மற்றவர்களோடு வரிசையில் நின்றேன். மண்டோர் மலைத் துண்டுப் பேர்களை வாசித்தார். என் பேரும் வந்தது. "இருக்கேன்" என்றேன். அவர் அடுத்த பேருக்குப் போய்விட்டார். எல்லாரையும் வாசிக்கிற மாதிரியே என்னையும் வாசித்தார் அக்கா. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இனி உனக்கு ஒரு வேலை. நேற்று ஸ்டோர் பின்னால் மண்டோர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, "அந்த ஈப்போ டீச்சர் என்னா சொல்லிக் கொடுத்துச்சு?" என்றார். அவருக்கும் ஒரு வருஷமாக முட்டியாம். யாருக்கும் சொல்லவில்லையாம். "வீட்டுல படுத்துக் காலத் தூக்குனா பொண்டாட்டி சிரிக்கும். உக்காந்தபடி செய்ற மாதிரி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்கிறார். சீக்கிரம் எழுது. தினமும் என்னைப் பார்த்து ஜாடை காட்டுகிறார்.

உன் தங்கை,
ஐவி


சிலிபின்
21 ஜனவரி 1985

அன்புள்ள ஐவிக்கு,

உன் கடிதத்தை நான் ஒரு தடவையும், உன் அத்தான் எனக்குத் தெரியாமல் இரண்டு தடவையும் படித்தோம். இருவரும் நலம். ராத்திரி வலித்தால் ஈரத்துணி போட்டுக் காலை உயர்த்தி வை. மறுநாள் வீங்கினால் டிரஸ்ஸரிடம் காட்டு. பயிற்சியை விடாதே. பொருத்தனை இன்னும் முடியவில்லை.

பிச்சைமுத்து மண்டோருக்கு நிறையச் சொன்னால் எதையும் செய்ய மாட்டார். ஒன்றே ஒன்று சொல். லயத்தில் யார் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாலும் அவர்களுக்கும் இதையே சொல்:

கை இல்லாத நாற்காலியின் முன்நுனிக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்களை இடுப்பு அகலத்துக்குத் தள்ளி வைத்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தொப்புளை முதுகுப் பக்கம் இழுங்கள். முழங்கால்கள் உள்ளே சாயாமல், கையை எங்கும் ஊன்றாமல், மெதுவாக எழுந்து, எழுந்ததைவிட மெதுவாக உட்காருங்கள்.